கண்ணில் நிழல் விழுந்தால் கண்ணாடிக் கடைக்கு வராதீர்கள்

மலையடிவாரத்துப் போடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஆப்டோமெட்ரி படித்தவள், டாக்டர் அல்ல. பவர் பார்த்துக் கண்ணாடி போட்டுக்கொடுப்பதுதான் தொழில். ஆனாலும் ரெட்டினா பிரிதல், அதாவது கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை உரிந்து வருவது பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. அந்தச் சிக்கல் வந்தவர்கள் பல நேரம் முதலில் தேடி வருவது என்னைப் போன்றவர்களைத்தான்.

"அக்கா, வலது கண்ணுல ஓரமா மறைக்குது. பவர் ஏறிருச்சு போல. நல்ல கண்ணாடியாப் போட்டுவிடுங்க" என்பார், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர். "தாயி, ஆபரேசன் பண்ணுன கண்ணுல பூச்சி பறக்குது, சொட்டு மருந்து இருந்தாக் குடு" என்பார் பாட்டி. இரண்டு பேருக்கும் வேண்டியது என் கடையில் இல்லை. அன்றைக்கே ரெட்டினா டாக்டர் முன்னால் உட்கார வேண்டியவர்கள் அவர்கள்.

வலி இல்லை, சிவக்கவில்லை, நீர் வடியவில்லை. அதனால் அவசரம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ரெட்டினாவில் வலியை உணரும் நரம்பே கிடையாது. கண் சிவந்து பீளை தள்ளினால் மறுநாளே டாக்டரிடம் ஓடுகிறோம். பார்வையின் ஓரம் கறுத்துப்போனால் காய் எடுப்பு முடியட்டும், ஆடி கழியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம். இவற்றில் காத்திருக்கக்கூடியது முதலாவது. இரண்டாவது காத்திருக்காது.

எதைக் கண்டால் கிளம்ப வேண்டும்

மூன்று அறிகுறிகள். ஒன்று, திடீரென்று பறக்கும் பூச்சிகள். வெள்ளைச் சுவரையோ வானத்தையோ பார்க்கும்போது ஒன்றிரண்டு புள்ளியோ நூலோ மிதப்பது பலருக்கும் உண்டு. வருஷக்கணக்காக இருக்கிற அந்தப் பழைய பூச்சியால் பயமில்லை. நேற்று இல்லாத நூலாம்படை இன்று தொங்கினால், அல்லது கரித்தூளைத் தூவியதுபோல ஒரே நேரத்தில் நிறையப் புள்ளிகள் வந்தால், அது வேறு. கரித்தூள் என்று ஒருவர் சொன்னால், ரெட்டினா கிழிந்த இடத்தில் சின்ன ரத்தக்குழாய் அறுந்து ரத்தம் கசிந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

இரண்டாவது, மின்னல். இருட்டில், கண்ணைச் சட்டென்று திருப்பும்போது, பெரும்பாலும் காதோரப் பக்கத்தில் வெட்டி மறையும். கேமரா பிளாஷ் மாதிரி என்பார்கள். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் வெளிச்சம் தெரியும். ஆனால் அது இரண்டு கண்ணுக்கும் சேர்ந்தே, கோணல் மாணலான கோடாக, மெல்லப் பெரிதாகி, இருபது முப்பது நிமிஷத்தில் அடங்கிவிடும். ஒரு கண்ணில் மட்டும், நாள் முழுக்க விட்டுவிட்டு மின்னினால் அதைத் தலைவலிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூன்றாவது, நிழல். ஓரத்திலிருந்து கறுப்பாகவோ சாம்பலாகவோ ஒரு மறைப்பு வந்து, மணிக்கணக்கில் அல்லது நாள்கணக்கில் நடுவை நோக்கி நகரும். கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால், ரெட்டினா மேலே பிரிந்தால் நிழல் கீழே தெரியும். கீழே பிரிந்தால் மேலே தெரியும். மேலே பிரிவதுதான் வேகமாகப் பரவும். நீர் கீழ்நோக்கித்தானே இறங்கும்! ஆகவே "கீழதான லேசா மறைக்குது, படி இறங்கையில மட்டும்தான் இடைஞ்சல்" என்று சொல்பவரை நான் இன்னும் வேகமாக விரட்டுவேன்.

இதையெல்லாம் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால்தான் பிடிபடும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மூடிவிடும். சுவரில் தொங்கும் பெரிய தினசரிக் காலண்டர் போதும். ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, தேதியின் நடுவைப் பாருங்கள். கண்ணை அசைக்காமல் காலண்டரின் நான்கு மூலையும் தெரிகிறதா? கோடுகள் நெளிகின்றனவா? பிறகு அடுத்த கண். நல்ல நாளிலேயே ஒருமுறை செய்து வைத்துக்கொண்டால், மாற்றம் வரும்போது உடனே தெரியும். எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் புதிதாக மின்னலோ பூச்சியோ இருந்தால் போகத்தான் வேண்டும். ரெட்டினா இன்னும் பிரியாமல் கிழிந்து மட்டும் இருந்தால், அது இந்தக் காலண்டர் சோதனையில் அகப்படாது.

உள்ளே நடப்பது

ரெட்டினா என்பது விழித்திரை. கண்ணின் பின்சுவரில் உட்பக்கமாக ஒட்டியிருக்கும், அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத படலம். கண்ணின் நடுவை நிரப்பியிருப்பது விட்ரியஸ் என்ற கூழ். சுமார் 4 மில்லி, அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். வயது ஏற ஏற இந்தக் கூழ் நீர்த்துச் சுருங்கி, ரெட்டினாவை விட்டுக் கழன்று வரும். ஐம்பது அறுபதைத் தாண்டியவர்களில் பலருக்கு இது நடக்கும். பெரும்பாலும் சில நாள் பூச்சி காட்டிவிட்டு அடங்கிவிடும். சிலருக்கு மட்டும் கூழ் ஏதோ ஓரிடத்தில் இறுகப் பற்றிக்கொண்டு, கழலும்போது ரெட்டினாவையும் கிழித்துவிடுகிறது. திடீர் பூச்சியும் மின்னலுமாக இப்படி வருபவர்களில் பத்தில் ஒருவருக்காவது கிழிசல் இருக்கும். யார் அந்த ஒருவர் என்பது வெளியிலிருந்து தெரியாது. மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

கிழிசல் வழியாக நீர் புகுந்து பின்னால் சேர்கிறது. சுவர் விரிசலில் ஓதம் ஏறினால் பெயிண்ட் பொருமி உரிகிறதே, அப்படி ரெட்டினா உப்பி உரிகிறது. ஒளியை உணரும் செல்களுக்குப் பிராணவாயு வருவது பின்சுவரிலுள்ள ரத்தக்குழாய்களிலிருந்து. சுவரை விட்டு விலகினால் அவை பட்டினி. ரெட்டினாவின் நடுவில் மாகுலா என்ற சின்ன இடம் இருக்கிறது. எழுத்து, முகம், ஊசிக்காது எல்லாம் அதன் வேலை. மாகுலா பிரியும் முன்பே ஒட்டிவிட்டால் பழைய பார்வை பெரும்பாலும் தங்கும். பிரிந்த பிறகு ஒட்டினால் ரெட்டினா ஒட்டும். பார்வை அந்த அளவு திரும்பாது. அப்போதும் சில நாட்களுக்குள் ஒட்டியவருக்கும் ஒரு மாதம் கழித்து ஒட்டியவருக்கும் வித்தியாசம் நிறைய.

சர்க்கரைக்காரர்களின் கதை வேறு. அங்கே கிழிசல் வேண்டியதில்லை. புதிதாக முளைத்த ரத்தக்குழாய்களோடு வளரும் தழும்புப் படலம் ரெட்டினாவை மெல்ல இழுத்துப் பிரிக்கும். மின்னலும் வராது, பூச்சியும் கட்டாயமில்லை. அவர்கள் அறிகுறிக்குக் காத்திருக்காமல் வருஷத்துக்கு ஒருமுறை மருந்து விட்டு ரெட்டினாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யார் அதிகம் கவனிக்க வேண்டும்

என் கடையில் தடிமனான கண்ணாடி வாங்குபவர்கள். மைனஸ் 6-க்கு மேல் போனால் கண் சாதாரணக் கண்ணைவிட நீளம். சராசரிக் கண் சுமார் 24 மில்லிமீட்டர் என்றால், இவர்களுக்கு 26, 27, அதற்கு மேலும் இருக்கும். நீளத்தில் இழுபட்ட ரெட்டினா ஓரத்தில் மெலிந்து கிடக்கும். இவர்களுக்கு இருபது முப்பது வயதிலேயே கிழியலாம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியைக் கழற்றிய பிள்ளைகள் தங்கள் கண் சரியாகிவிட்டதாக நினைக்கிறார்கள். லேசிக் சீவுவது முன்பக்கக் கருவிழியை. கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கிறது, அபாயமும் அப்படியே. மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்தது போதும். கண் டாக்டரிடம் பழைய பவரைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, புரை ஆபரேஷன் செய்தவர்கள். "லென்ஸ் வச்ச கண்ணு, இனி அதுல என்ன வரப்போகுது" என்பது தவறு. மாதங்கள், வருஷங்கள் கழித்தும் வரலாம். கண்ணில் அடிபட்டவர்களும் இதே கணக்குதான்: கிரிக்கெட் பந்து, கில்லி, தீபாவளி வெடி. அடிபட்டு வெகுநாள் கழித்துப் பிரிவதும் உண்டு. வீட்டில் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ வந்திருந்தாலும், ஒரு கண்ணில் ஏற்கெனவே வந்திருந்தாலும் கவனம் வேண்டும். ஒரு கண்ணில் வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அடுத்த கண்ணிலும் வரும்.

கிளம்பும்போது

முதலில் போன். "ரெட்டினா டாக்டர் இன்று இருக்கிறாரா? ஆபரேஷன் தேவைப்பட்டால் அங்கேயே செய்வார்களா?" என்ற இரண்டே கேள்வி. எல்லாக் கண் ஆஸ்பத்திரியிலும் எல்லா நாளும் ரெட்டினா டாக்டர் இருக்கமாட்டார். எங்கள் பக்கத்திலிருந்து பெரும்பாலும் தேனி அல்லது மதுரை. "நிழல் தெரிகிறது, இன்றுதான் ஆரம்பித்தது" என்று வாசலிலேயே சொல்லுங்கள். "பார்வை மங்கல்" என்று மட்டும் சொன்னால் சாதாரண வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

துணைக்கு ஆள் வேண்டும். பாப்பா விரிய மருந்து விட்டால் பல மணி நேரம் கூசும், கிட்டத்தில் எழுத்துத் தெரியாது. பைக் ஓட்டித் திரும்ப முடியாது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைச் சீட்டு, பழைய கண் சீட்டு, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். வழியில் யாராவது நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்பார்கள். முன்னால் ஊற்றுகிற எதுவும் பின்சுவருக்குப் போய்க் கிழிசலை அடைக்காது.

அங்கே டாக்டர் நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு, உங்களைப் படுக்க வைத்து, மேலே பார், கீழே பார் என்பார். சின்னக் கம்பியால் இமைமேல் அழுத்துவார். கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், ரெட்டினாவின் கடைக்கோடி அப்போதுதான் கண்ணுக்குப் படும். அந்த நெற்றி விளக்குக் கருவியை 1940-களில் இன்றைய இருகண் வடிவுக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் ஷெப்பன்ஸ் என்ற பெல்ஜியம் நாட்டு டாக்டர். இரண்டாம் உலகப்போரின்போது வேறு பெயரில், பிரான்ஸ்–ஸ்பெயின் எல்லையில் மரம் அறுக்கும் ஆலை நடத்துவதாகக் காட்டிக்கொண்டு, நாஜிகளிடமிருந்து ஆட்களை மலை தாண்ட வைத்தவர். கல்லூரியில் படித்ததில் எனக்கு மறக்காத ஆள் அவர். அவருக்கும் முன்னால், கிழிசலைக் கண்டுபிடித்து அடைத்தால்தான் ரெட்டினா ஒட்டும் என்று நிரூபித்தவர் சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த ஜூல் கோனான். அதுவரை கண்ணைக் கட்டிப் படுக்க வைப்பதைத் தவிர டாக்டர்களுக்குப் பெரிதாக வழி தெரியவில்லை. நூறு வருஷத்துக்குமுன் இதற்குப் பார்வை போனது போனதுதான்.

சிகிச்சை எப்படி

கிழிசல் மட்டும் இருந்து, நீர் இன்னும் புகவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. கிழிசலைச் சுற்றி லேசர் வைப்பார்கள். சொட்டு மருந்தில் மரத்துப்போன கண், கொஞ்ச நேர வேலை, அன்றே வீட்டுக்கு. தழும்பு இறுக இரண்டு வாரமாவது ஆகும். அதுவரை கனம் தூக்கலாமா, ஜீப்பில் குலுங்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரிந்திருந்தால் ஆபரேஷன். கண்ணுக்கு வெளியே சிலிக்கான் பட்டை தைத்துச் சுவரை உள்நோக்கி அழுத்துவது ஒரு வகை. இளவயதுக்காரர்களுக்கு அதிகம் செய்வார்கள். பட்டை உள்ளேயே இருக்கும், வெளியே தெரியாது. மைனஸ் பவர் கொஞ்சம் கூடும். இன்னொன்று விட்ரெக்டமி: மூன்று சின்னத் துளைகள் வழியாகக் கூழை எடுத்து, ரெட்டினாவைப் படிய வைத்து, லேசர் வைத்து, உள்ளே வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்புவது. முதல் ஆபரேஷனிலேயே ஒட்டிக்கொள்வது பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு. மற்றவர்களுக்கு மறுபடி செய்ய நேரும். கையெழுத்துப் போடும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் பிறகு டாக்டரோடு சண்டை வராது.

வாயு தானாகக் கரையும். எஸ்எப்6 என்ற வகை ஏறத்தாழ இரண்டு வாரம். சி3எப்8 ஆறு முதல் எட்டு வாரம். எண்ணெய் கரையாது, சில மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷனில் எடுக்க வேண்டும்.

மலைக்காரர்களுக்குத் தனியாக

போடியில் எழுதுகிறவள் இதை விட்டுவிட்டால் குற்றம். கண்ணுக்குள் வாயு இருக்கும்வரை மலை ஏறக்கூடாது. மேலே போகப் போக வெளியே காற்றழுத்தம் குறையும். உள்ளே குமிழி விரியும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ரெட்டினாவுக்கு ரத்தம் போவதே நின்றுவிடலாம். அப்படி நின்றால் ஒட்டிய ரெட்டினாவும் பயன்படாது. விமானத்துக்குச் சொல்வதெல்லாம் போடிமெட்டு ரோட்டுக்கும் பொருந்தும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், மூணாறு 1,500-க்கு மேல்.

ஆஸ்பத்திரியில் "பிளைட்ல போகாதீங்க" என்று சொல்வார்கள். ஏலத்தோட்டத்தில் களையெடுக்கும் பெண்மணி, நமக்கு எதற்கு பிளைட் என்று சிரித்துவிட்டு, டிஸ்சார்ஜ் ஆனதும் மதுரை பஸ்ஸை விட்டிறங்கி நேராக ஜீப்பில் ஏறிவிடுவார். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்: "என் வீடு மலைமேல் இருக்கிறது." அதைக் கணக்கில் வைத்து எண்ணெயா வாயுவா என்று அவர் யோசிப்பார். எண்ணெய்க்கு இந்த மலைத் தொல்லை இல்லை. வாயுதான் என்றால், குமிழி முழுக்கக் கரைந்தது என்று டாக்டர் சொல்லும்வரை கீழே சொந்தக்காரர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். கண்ணில் வாயு இருக்கிறது என்று எழுதிய பட்டையைக் கையில் கட்டிவிட்டால் கழற்றாதீர்கள். அதற்குள் வேறு ஆபரேஷனோ பல் வைத்தியமோ வந்தால், மயக்கத்துக்கு நைட்ரஸ் ஆக்சைடு கொடுக்கக்கூடாது என்று அவர்களுக்கு அதிலிருந்துதான் தெரியும்.

கவிழ்ந்திருக்கும் நாட்கள்

குமிழி எப்போதும் மேலே மிதக்கும். கிழிசல் எங்கே இருக்கிறதோ அந்த இடம் மேலே வரும்படி தலையை வைத்தால், லேசர்த் தழும்பு இறுகும்வரை குமிழி அதை அடைத்துக்கொண்டிருக்கும். எந்தப் பக்கம், எத்தனை நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சொன்னதைக் கேட்டு நடக்காதீர்கள். எல்லாருக்கும் பொதுவானது, மல்லாந்து படுக்கக்கூடாது என்பது.

முகம் கவிழ்ந்து இருக்கச் சொன்னால் முதல் நாளே கழுத்து கழன்றுவிடும் போலிருக்கும். விலை கொடுத்து நாற்காலி வாங்க வேண்டியதில்லை. பகலில் மேஜைமேல் தலையணை போட்டு நெற்றியைச் சாய்த்து உட்காரலாம். இரவில் நெஞ்சுக்கடியில் ஒரு தலையணை, நெற்றிக்கு ஒரு சுருட்டிய துண்டு. கண் எதிலும் அழுந்தக்கூடாது. தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடும் பழக்கம் இங்கே கைகொடுக்கும், தட்டு கீழேதான் இருக்கிறது. தண்ணீருக்கு உறிஞ்சுகுழாய். செல்போனைத் தரையில் வைத்துக் கேட்கலாம். மணிக்கு ஒருமுறை எழுந்து, குனிந்த தலையோடு நாலு நடை நடக்க டாக்டர் அனுமதித்தால் நடந்துவிடுங்கள். வயதானவர்களுக்குக் கால் வீங்காமல் இருக்கும். பார்த்துக்கொள்பவர் திட்டாமல் இருந்தால் அதுவே பாதி வைத்தியம்.

சொட்டு மருந்து இரண்டு மூன்று இருக்கும். கை கழுவி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிஷம் விட்டுப் போடுங்கள். டாக்டர் சொல்லும்வரை தலைக்குக் குளிப்பதோ எண்ணெய்க் குளியலோ வேண்டாம். கடும் வலி, வாந்தி, கண் மேலும் சிவந்து பார்வை குறைவது, நிழல் திரும்ப வருவது: இவற்றில் எது வந்தாலும் நடுராத்திரி என்றாலும் போன் செய்யுங்கள்.

பிறகு பார்வை

வாயு நிறைந்த கண்ணுக்கு முதலில் கை அசைவுதான் தெரியும். ஆபரேஷன் பாழாகிவிட்டது என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். வாயு வழியாகப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். சில நாளில் மேலிருந்து தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும்; நடுவே ஒரு வளைகோடு ஆடும்; கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கி, கடைசியில் ஒரு உருண்டையாகி மறையும். மாகுலா பிரிந்திருந்தவர்களுக்குக் கோடுகள் நெளிந்து தெரியும், நிறம் மங்கும். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும். முழுக்கச் சரியாகாமலும் போகலாம். ஐம்பது தாண்டியவர்களுக்கு விட்ரெக்டமிக்குப் பிறகு ஓரிரு வருஷத்தில் புரை வருவது சகஜம். அது இன்னொரு சின்ன ஆபரேஷன், பயப்பட ஒன்றுமில்லை.

ஒரு கண் மங்கியிருக்கும்போது தூரம், ஆழம் கணிப்பது தடுமாறும். டம்ளருக்கு வெளியே டீ ஊற்றுவீர்கள், படியில் கால் தப்பும். கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டுவதை டாக்டர் சொன்ன பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் கடைக்கு வரலாம், ஆனால் உடனே அல்ல. பவர் நிலைக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். கண்ணுக்குள் எண்ணெய் இருக்கும்போது, சொந்த லென்ஸ் உள்ள கண் பிளஸ் பவர் காட்டும். அந்தக் கணக்கில் விலை உயர்ந்த கண்ணாடி போட்டால், எண்ணெயை எடுத்ததும் அது மேஜை டிராயருக்குத்தான். அவசரத்துக்கு வேண்டுமானால் மலிவான ஃபிரேமில் ஒன்று போட்டுத் தருகிறேன். வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுவாருங்கள். எந்தக் கண், பட்டையா வாயுவா எண்ணெயா, எண்ணெயை எடுத்தாயிற்றா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.